மட்டாஞ்சேரியில் குருடி இல்லை

ஓர் இடத்தில் ஒன்று இல்லை என்று சொல்ல, அதை எத்தனை முறை தேடிக் காணாமல் இருக்க வேண்டும்? ஒரு தரம் போதுமா? ஒரு மழைக்காலம்? வெறுந்தரையைக் காட்டி ‘இங்கே குடம் இல்லை’ என்கிறோம். கண்ணில் பட்டது தரை மட்டும்தான். இல்லாமையை எந்தக் கண்ணால் பார்த்தோம் என்று பழைய தர்க்கக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். திரிபுரசுந்தரி அந்தப் புத்தகங்கள் எதையும் தொட்டதில்லை. ஆனால் ஐந்து மழைக்காலம் அந்தக் கேள்வியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி முழுக்க அலைந்தாள். பைக்குள் கேள்விக்குத் துணையாக இரண்டு தவளைகளும் இருக்கும்.

எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் அவள் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துவது லெக்சரர். தவளையைத் தட்டில் மல்லாத்தி ஊசி குத்திக் கொடுப்பதும், பிறகு தட்டைக் கழுவி வைப்பதும் அவள். வீடு மட்டாஞ்சேரியில், அரண்மனைக்குப் பின்புறச் சந்தில். மிளகு வியாபாரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு பாலக்காட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். அம்மா லோகாம்பாள், மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த தம்பி நாணு, அவள். காலையில் படகு, மாலையில் படகு. முப்பது வயது தாண்டியும் தன்னுடையது என்று பூட்டி வைக்க ஒரு மேஜை இழுப்பறைகூட அவளுக்கு வாய்க்கவில்லை. பெரிய அறிவாளி என்று அவளைச் சொல்ல முடியாது. பொறுமை இருந்தது. பிடிவாதம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

1979இல் களமசேரிப் பல்கலைக்கழக வளாகத்துப் பேராசிரியர் வெங்கிடராமன் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை உள்ள தவளை, தேரை, பல்லி, ஓணான், பாம்பு, ஆமை எல்லாவற்றையும் இடம் இடமாகத் தேடிக் கணக்கெடுப்பது. வரைபடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, பக்கத்துக் கல்லூரிக்காரர்களை எல்லாம் அழைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். காடு அடங்கிய கட்டங்களுக்கு அடிதடி. காயல் தீவான கும்பளங்கிக்குக்கூட ஆள் கிடைத்தது. வேலை நடக்காவிட்டாலும் நல்ல மீன் குழம்பு கிடைக்கும் என்று. மட்டாஞ்சேரிக் கட்டம் மட்டும் மேஜை ஓரத்தில் அநாதையாகக் கிடந்தது.

“அங்க என்ன இருக்கப் போறது? சாக்கும் எலியும்தான்,” என்றார் ஒரு லெக்சரர்.

“எலி இருந்தா பாம்பு இருக்குமே ஸார்,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். அதுவரை அவளுக்குக் குரல் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பேராசிரியர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டுக் காகிதத்தை நீட்டினார். “அப்போ நீயே எடுத்துக்கோ.”

அன்று மாலைப் படகில் அவள் உட்காரவே இல்லை. காகிதத்தை முந்தானையில் பொதிந்துகொண்டு முன்பக்கம் நின்றபடியே வந்தாள். எதிரே வந்த கரை தினமும் பார்த்த கரைதான். ஓட்டுக் கூரைகள், சுக்கு வாசனை, படித்துறையில் மோதும் ஆகாயத்தாமரை. ஆனால் அன்று அது அவளுடைய கட்டம். அந்தக் கூரைகளுக்குள் எத்தனை பல்லி, அந்த ஆகாயத்தாமரைக்கு அடியில் எத்தனை தவளை! படகு கரையை முட்டுவதற்கு முன்பே குதித்துவிட்டாள்.

பேராசிரியர் இரண்டு விதி வைத்திருந்தார். ஒன்று, “ஜாடியில இல்லாத ஜந்து ஜந்துவே இல்லை.” எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும் அதில் ஒன்றைப் பிடித்து ஸ்பிரிட் ஜாடியில் போட்டு எண் ஒட்டித் தர வேண்டும். இரண்டாவது, பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். காலியாக விடுவது சோம்பேறிகள் வழக்கம்.

முதல் மழைக்காலம் அவளுக்குத் திருவிழா. யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகுக் கிடங்கு ஒன்றில் கட்டுவிரியன் புகுந்துவிட்டது என்று ஆட்கள் கம்போடு நிற்க, இவள் குடையை வீசிவிட்டு உள்ளே ஓடினாள். சுவர் இடுக்கில் பல்லி தின்ன வந்திருந்த, நஞ்சில்லாத சுவர்ப்பாம்பு. பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது கம்பு பிடித்திருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள், அவளைப் பார்த்துப் பயந்து. கோயில் குளத்தங்கரையில் மணவாட்டித் தவளை கிடைத்தது. கல்யாணப் பெண்ணுக்கு உடுத்திய மாதிரி முதுகு முழுதும் குங்குமச் சிவப்பு. வீட்டுக்குள் நுழைந்ததுமே கத்தினாள்: “அம்மா! மணவாட்டி வந்திருக்கா, வந்து பாரு!”

லோகாம்பாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து பார்த்தாள். “அடிப்பாவி! நாணுவுக்குப் பொண்ணு பாக்கச் சொல்லி நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். நீ தவளையைக் கொண்டு வந்து நிக்கறயே!”

“நிறம் நன்னாத்தான் இருக்கு,” என்றான் நாணு. “பாடத் தெரியுமோன்னு கேளு.”

இன்னொரு நாள் அதே குளத்தில் நீர்க்கோலி அவள் புறங்கையைக் கடித்தது. நீர்க்கோலி என்பது சாதாரணத் தண்ணீர்ப் பாம்பு, நஞ்சு கிடையாது. ஆனால் ‘நீர்க்கோலி கடிச்சாலும் அத்தாழம் முடங்கும்’ என்று அங்கே ஒரு சொல் உண்டு. எந்தப் பாம்பு கடித்தாலும் அன்று ராத்திரிச் சாப்பாடு கூடாது. லோகாம்பாள் இலையைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

“அம்மா, அதுக்கு விஷமே இல்லை. புஸ்தகத்தில போட்டிருக்கு.”

“புஸ்தகமா உனக்குச் சாதம் போடறது?”

அவள் பங்கு மோர்க்குழம்பையும் நாணு சாப்பிட்டான். “நாளைக்கும் அந்தக் குளத்துக்குப் போவியா அக்கா?” என்று அக்கறையாக விசாரித்தான்.

பிடித்தவற்றில் ஒவ்வொன்றைத் தயங்காமல் ஸ்பிரிட்டில் போட்டாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இல்லாத வருத்தத்தை அவள் மேல் ஏற்றிச் சொல்லவும் வேண்டாம். மூடியை இறுக்கும்போது அவள் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி. பட்டியலில் ‘உண்டு’ என்று எழுதும்போது பேனாவை அழுத்தி எழுதுவாள்.

இரண்டாவது மழைக்காலத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது.

ஜூ டவுனில் ஓர் இஞ்சிப் பாண்டிகசாலை. சரக்குக் கிடங்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மலையிலிருந்து பச்சை இஞ்சி மண்ணோடு லாரியில் வந்து இறங்கும். பெண்கள் முற்றத்துத் தொட்டியில் கழுவி, தோல் சீவிக் காயப் போடுவார்கள். தோலும் மண்ணும் ஒரு மூலையில் குவிந்து, மக்கி, எப்போதும் ஈரமாகக் கிடக்கும். அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள் சந்தனமாரி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். மலையாளத்தில் அவளுக்கு அப்போது தெரிந்தது தேநீருக்கு ‘சாயா’, மரவள்ளிக்கிழங்குக்குக் ‘கப்பை’ இரண்டும்தான்.

மூட்டை தூக்கும் ராசப்பன் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழில் பாதி மலையாளம். மழைத் தண்ணீர் போகக் கானையை, அதாவது சாக்கடையை, வெட்டிவிட்டுக்கொண்டிருந்தவன் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தான்: “ஐயோ, இவிடெ ஒரு குருடி செத்துக் கிடக்கு!”

அந்தப் பக்கத்தில் குருடி என்றால் ஒரு பிராணி. மண்ணுக்குள் வாழும், கால் கிடையாது, விரல் தடிமனில் மண்புழுவின் பெரியப்பா மாதிரி இருக்கும். பாம்பு என்று நினைத்து அடிப்பார்கள். உண்மையில் தவளைக்குச் சொந்தம். சந்தனமாரியின் ஊரில் குருடி என்றால் கண் தெரியாத பொம்பளை, வேறு அர்த்தமே இல்லை.

கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கானைப் பக்கம் ஒரு எட்டு, அங்கிருந்து தெருவுக்கு ஒரே பாய்ச்சல்.

“அய்யோ, ஓடி வாங்களேன்! கண்ணு தெரியாத கெழவி ஒருத்தி சாக்கடைக்குள்ள விழுந்து செத்துக் கெடக்காளாம்!”

தெரு திரண்டது. ஒருவர் ஏணி கொண்டுவந்தார், ஒருவர் கயிறு. பழம்பொருள் கடைக்காரர் விற்பனைக்கு வைத்திருந்த பல்லக்கையே ஆட்களை விட்டுத் தூக்கி வரச் செய்தார், பிணத்தை எடுத்துப் போகலாம் என்று. யூதர்களின் கோயிலான ஸினகாக்கைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் காமிராவோடு பின்னால் வந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியை அழுத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்து, “எவிடெ பாடி?” என்றார்.

ராசப்பன் கானையைக் காட்டினான். மழைத் தண்ணீரும் முற்றம் முழுக்க மிதித்த கால்களும். “இப்போ இவிடெத்தான் கிடந்தது ஸாரே. இத்தனூண்டு.” விரலை நீட்டி அளவு காட்டினான்.

போலீஸ்காரருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜூ டவுனிலிருந்து கிளம்பிச் சாயங்காலப் படகு வருவதற்குள் படகுத்துறையை அடைந்துவிட்டது.

திரிபுரசுந்தரி இறங்கும்போது டிக்கெட்காரர் சொன்னார்: “டீச்சரே, நிங்களுடெ கட்டத்தில் ஒரு குருடி செத்துப் போச்சு, அறிஞ்ஞில்லே?”

அவள் மேலே கேட்கவில்லை. ஓடினாள். அன்று அந்தத் தெருவில் ஓடியவர்களில் சரியான காரணத்துக்காக ஓடியவள் அவள் ஒருத்திதான். ஆனால் எல்லோரும் ஓடி முடித்த பிறகு ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருட்டும் வரை சேற்றைக் கையால் அளைந்தாள். இஞ்சித் தோலும் தண்ணீரும்தான்.

“கறுப்பா ராசப்பா? பக்கவாட்டில மஞ்சக் கோடு இருந்ததா?”

“கறுப்பு டீச்சரே. கோடு… உண்டாவும்.”

“மேல வளையம் வளையமா இருந்ததா? வழுவழுன்னா, வறவறன்னா?”

“மழையில எல்லாம் வழுவழுதான் டீச்சரே.”

சந்தனமாரி தொட்டி ஓரத்தில் அழுது வீங்கிய முகத்தோடு நின்றிருந்தாள். திரிபுரசுந்தரி அவளிடம் திரும்பினாள். “நீ எட்டிப் பாத்தயாமே?”

“பாத்தேன்க்கா.”

“என்ன பாத்தே?”

“பொணத்தக் காணும்னு பாத்தேன்.”

“அங்க புழு மாதிரி ஒண்ணு கிடந்திருக்குமே! கண்ணுக்கு முன்னாடி!”

“நான் கெழவியல்லா தேடுனேன். புழுவ யாரு பாத்தா?”

திரிபுரசுந்தரிக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றது. தொட்டிப் பக்கம் கிடந்த உடைந்த கருங்கல் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். இல்லாத கிழவி இருந்த பிராணியை மறைத்துவிட்டாள். இதைவிடச் சுருக்கமாக அந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னவளுக்கோ தான் என்ன சொன்னோம் என்பது தெரியாது.

களமசேரியில் பேராசிரியர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“புழுப்பாம்பு இருக்கே, அதையும் நம்ம ஜனங்க குருடின்னுதான் சொல்லுவா. அவன் பாத்தது அதாக்கும். உப்பு மண்ணு, உப்புக் காத்து. அந்தக் கரையில குருடி ஜீவிக்காது. இல்லைன்னு எழுது.”

“தேடிட்டு எழுதறேன் ஸார்.”

“தேடியாச்சே?”

“இன்னும் தேடிட்டு எழுதறேன்.”

அந்த ஆண்டு மட்டாஞ்சேரிப் பட்டியலில் குருடிக்கு எதிரே காலி இடம். அடுத்த ஆண்டும். கூட்டங்களில் அவள் உள்ளே வந்தாலே “குருடி டீச்சர் வந்தாச்சு” என்று ஒரு முணுமுணுப்பு எழும். முன்பெல்லாம் அவளைக் கவனிக்காதவர்கள் இப்போது கவனித்தார்கள், சிரிப்பதற்கு. அவள் சொல்லுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது அந்தக் காலி இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சந்தனமாரிக்கு இன்னும் மோசம். அவளுக்குத் தெருவில் பெயரே குருடி என்று ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வீடு தேடி வந்தாள்.

“யக்கா, அந்தச் சனியன எப்படியாச்சும் கண்டுபிடிச்சு ஒங்க சீசாக்குள்ள போட்டுருவோம். சீசாவத் தெருத்தெருவாத் தூக்கிட்டுப் போயி, ‘இதாம்ல குருடி, நானில்ல’ன்னு காட்டணும். இல்லாட்டி செத்தாலும் இந்தப் பேரு என்னைய விடாது.”

அன்றிலிருந்து இருவரும் கூட்டு. சந்தனமாரிக்கு உற்சாகம் தலைக்கு மேல். கண்ணில் பட்டதையெல்லாம் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு மூடிக்கொண்டு வருவாள். மண்புழு வந்தது. விலாங்குக் குஞ்சு வந்தது. ஒரு முறை அறுந்துபோன செருப்பு வார் வந்தது.

“இது அசைஞ்சுதுக்கா, சத்தியமா!”

“தண்ணியில அசைஞ்சிருக்கும்.”

“அப்ப உசுரில்லையா?”

“நீ செருப்பைத் தொலைச்சயா?”

சந்தனமாரி காலைக் குனிந்து பார்த்துவிட்டு, “அடக் கடவுளே,” என்றாள்.

நான்காவது மழைக்காலத்தில், இஞ்சித் தோல் குவியலிலிருந்தே சிரட்டையில் ஒன்று வந்தது. கறுப்பு, மெலிசு, கண் இருந்த இடமே தெரியவில்லை. திரிபுரசுந்தரி அதைச் சட்டென்று வாங்கிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உலர்ந்த, பளபளக்கும் செதில். புழுப்பாம்பு.

“இதுவும் குருடிதான்,” என்றாள் மெதுவாக. “நம்ம குருடி இல்லை.”

பேராசிரியருக்கு அது போதும். “பாத்தயா? இதாக்கும் உன் ராசப்பன் பாத்தது. கதை முடிஞ்சுது.”

முடிந்திருக்கலாம். நியாயமான யாரும் அங்கே முடித்திருப்பார்கள். ஆனால் புழுப்பாம்பு உண்டு என்பதால் குருடி இல்லை என்று ஆகிவிடுமா? அவள் புழுப்பாம்புக்கு எதிரே அழுத்தி ‘உண்டு’ என்று எழுதினாள். குருடிக்கு எதிரே மறுபடியும் காலி இடம் விட்டாள்.

1983. அந்த ஆண்டு மழை நேரத்துக்கு வரவே இல்லை. ஜூன் மாதம் குளங்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஓணம் முடிந்ததும் பட்டியல் அச்சுக்குப் போகிறது, அதற்குப் பிறகு காலி இடம் கிடையாது. திரிபுரசுந்தரி தினமும் படகில் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனாள், வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மண் ஈரமாகாமல் குருடி மேலே வராது.

ஒருவழியாக மழை பிடித்தது. பிடித்தது என்றால் அப்படி ஒரு பிடி. கடலுக்கும் தெருவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு நாள் கொட்டிவிட்டுக் கொஞ்சம் ஓய்ந்த காலையில், அவள் படகுத்துறைக் கடையில் சாயா வாங்கி ஊதிக்கொண்டிருந்தாள். ராசப்பன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

“டீச்சரே, குருடி உங்கள விளிக்குது. பட்டுன்னு வரணுமாம்.”

“காலேஜுக்கு நேரமாச்சு. சாயங்காலம் வரேன்னு சொல்லு,” என்றாள். சந்தனமாரிக்கு ஏதாவது வீட்டுச் சண்டையாக இருக்கும். படகு மணி அடித்தது. கிளாஸும் கையுமாகவே ஒரு காலைப் படகில் வைத்துவிட்டாள்.

“வர மாட்டாங்களாம்னு சொன்னா என்னைக் கொல்லும் டீச்சரே. காலையிலிருந்து ஒரு கூடையக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்திருக்கு. எழும்பச் சொன்னா கடிக்க வருது.”

திரிபுரசுந்தரி திரும்பினாள். “எந்தக் குருடி என்னைக் கூப்பிடறது?”

ராசப்பன் விழித்தான். “அதுதான் அதுவும் சொல்லிச்சு. ‘எந்தக் குருடின்னு கேட்டா, ரெண்டும்னு சொல்லு’ன்னு.”

சாயா கிளாஸ் படகுத்துறைப் பலகையில் உருண்டது. அவள் ஓடினாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி டெமான்ஸ்ட்ரேட்டர், சேலை முழங்கால் வரை, துணிப்பைக்குள் ஜாடி டங் டங் என்று இடிக்க, ஜூ டவுன் நடுவே ஓடினாள். “பின்னையும் யாரு டீச்சரே செத்தது?” என்று பழம்பொருள் கடைக்காரர் கத்தினார்.

முற்றத்தில் சந்தனமாரி கவிழ்த்த கூடையின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள், சிம்மாசனத்தில் ராணி மாதிரி. சுற்றி நின்ற பெண்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்தருக்கும் காட்டவில்லை. திரிபுரசுந்தரியைக் கண்டதும், “எல்லாரும் போங்கட்டி அங்கிட்டு! லாரி வந்துருக்கு, போங்க!” என்று விரட்டினாள். ராசப்பனையும் விரட்டினாள். ஆள் ஒதுங்கியதும் குரல் தாழ்ந்தது.

“பலகையைப் பெரட்டினேன்க்கா. நீங்க உக்காருவியளே, அந்தக் கல்லு. இந்தத் தடவ நான் ஓடல.”

கூடையை எடுத்தாள்.

கல் இருந்த இடத்தில் ஈர மண்ணில் ஒரு குழி. குழிக்குள் கருநீல நிறத்தில் ஒரு சுருள். இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, யாரோ தூரிகையால் இழுத்த மாதிரி. திரிபுரசுந்தரி மண்ணில் முழந்தாளிட்டு, மூக்கு தொடும் அளவுக்குக் குனிந்தாள். செதில் இல்லை. உடம்பு முழுக்க நெருக்கமான வளையம், வளையத்தை அடுத்து வளையம்.

“வளையம்!” என்றாள். “வளையம்டீ! சந்தனமாரி, வளையம்!”

“ஆமாக்கா, வளையம்!” என்று அவளும் குதித்தாள், வளையத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே.

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு அந்தச் சேற்றில் சிரித்தார்கள். மறுபடி குனிந்தபோதுதான் சுருளுக்கு நடுவில் இருந்தது தெரிந்தது. பட்டாணி அளவில், ஊறின ஜவ்வரிசி மாதிரி, ஒரு கொத்து முட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நூல் துடித்தது. சுருள் அவற்றை இறுக்கி அணைத்திருந்தது. வெளிச்சம் பட்டும் விலகவில்லை. தலையை மட்டும், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலான புள்ளியோடு, மெல்லத் தூக்கியது.

“ஓடாதாக்கா?”

“மண்ணுக்குள்ள போயிருக்கலாம். போகல.”

“முட்டைக்காகவா?”

“ஆமா.”

சந்தனமாரி குடையைக் குழிக்கு மேலே நகர்த்தினாள். பிறகு, “நம்ம லாரி மண்ணோட மலையிலேருந்து வந்துருக்குமோ? என்னைய மாதிரி?” என்றாள்.

“இருக்கலாம். ஆனா முட்டை இங்க இட்டது.”

“அப்ப இந்த ஊருதான்,” என்று தீர்ப்புச் சொன்னாள் சந்தனமாரி. “சீசாவ எடுங்க. தெருவுல ஒரு சுத்துச் சுத்திட்டு வரணும்.”

திரிபுரசுந்தரி ஜாடியை எடுத்து மூடியைத் திருகினாள். ஸ்பிரிட் வாசனை இஞ்சி வாசனையோடு கலந்தது. ஐந்து மழைக்காலம் சுமந்த ஜாடி. எத்தனை தவளை, எத்தனை பாம்பை இதுபோல் போட்டிருக்கிறாள். இடது கை குழி வரை போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

மூடியைத் திருகி மூடினாள். கருங்கல் பலகையை இரண்டு கையாலும் பிடித்து, நசுங்காமல், முன்பு இருந்தபடியே மெதுவாக இறக்கி வைத்தாள்.

“என்னக்கா, கூட்டத்தக் கூட்டிட்டு வரவா?” என்றாள் சந்தனமாரி.

“வேண்டாம்,” என்றாள் அவள்.

ஓணம் கழிந்த திங்கட்கிழமை களமசேரியில் பட்டியல்கள் மேஜைமேல் அடுக்கப்பட்டன. பேராசிரியர் மட்டாஞ்சேரியைத் திருப்பிப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட நீளமான பட்டியல். அவர் யாரையும் லேசில் பாராட்டாதவர். “நன்னா செஞ்சிருக்கே,” என்று மட்டும் சொன்னார். பிறகு காலி இடத்தில் விரல் வைத்தார்.

“இத்தனை வருஷம் விடாம தேடினதுக்கு ஒண்ணு சொல்றேன். ஜாடி இல்லாட்டாலும் பரவாயில்லை. ‘சந்தேகம்’னு எழுதி, பக்கத்தில உன் பேரைப் போட்டுக்கோ. அச்சிலயும் அப்படியே வரும். நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சா முதல்ல சொன்னது நீன்னு ஆகும்.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. ‘உண்டு’ என்று எழுதவும் அவளால் முடியும். படகு ஏறிப் போய்க் கல்லைப் புரட்டினால் போதும். ‘சந்தேகம்’ என்று எழுதினால் வேறு யாராவது ஜாடியோடு வந்து புரட்டுவார்கள். அவள் பேனாவை வாங்கினாள். குருடிக்கு எதிரே, எப்போதும் போல அழுத்தி, ‘இல்லை’ என்று எழுதினாள்.

அது பொய். அறிவியல் பட்டியலில் தெரிந்தே எழுதிய பொய். அதைத் தியாகம் என்று மெழுகுவதும் எளிது, மோசடி என்று தள்ளுவதும் எளிது. இரண்டுக்கும் அவள் ஒரு வார்த்தைகூட உதவவில்லை.

மாலைப் படகு வரும் நேரம் சந்தனமாரி துறையில் காத்திருந்தாள். கையில் குடை.

“என்னன்னு எழுதினியக்கா?”

“இல்லைன்னு.”

சந்தனமாரி அவள் முகத்தையே பார்த்தாள். பின்னால் மூட்டைக்காரர்களில் ஒருவன், “ஏ குருடி, வழி விடு,” என்று சொல்லிக்கொண்டு போனான். அவள் வழி விட்டாள். பிறகு, “ஏன்க்கா?” என்றாள்.

“குடையை விரி,” என்றாள் திரிபுரசுந்தரி. “மழை வரது.”